அம்மம்மாவின் குருதி சொன்ன சேதி

2022ஆம் ஆண்டு மார்கழி, நத்தார் விடுமுறைக் காலம். இலண்டனில் எங்கள் இல்லத்தில் அம்மம்மா காய்ச்சலுற்றார். தடிமன் என்றெண்ணிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் மூச்சு வாங்கவே வைத்தியசாலைக்கு விரைந்தோம். அக்குளிர்காலத்தில் இன்புளுவென்சாவும் கொவிட்டும் ஒருங்கே பரவியிருந்தன. இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியன இரண்டிற்கும் பொது. பக்ரீரியாவினால் வரும் நியூமோனியாவுக்கும் அவையே.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பதற்றத்தில் எங்களுக்கும் பேச்சு வரவில்லை. இப்பள்ளியில் எட்டாம் வகுப்புப் பயிலும் எங்கள் மகளே மொழிபெயர்ப்பாளரானாள்.

"பிள்ளை, இவ்வளவு இரத்தம் என்னத்துக்காம்? கேள்" என்றார் அம்மம்மா.

வைத்தியர் பொறுமையுடன் விளக்கினார். கிருமி உட்புகுந்தால் ஈரல் சீ.ஆர்.பி. எனும் புரதத்தைக் குருதியில் விடுகின்றது. 1930இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிலையத்தில் நியூமோனியா நோயாளரின் குருதியிற் கண்டறியப்பட்ட புரதம் அது. நலமுள்ளோரிடம் பெரும்பாலும் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குட்பட்டிருப்பது, கடும் நோயில் 100ஐயும் கடக்கும். ஆயின், நாய் குரைத்தால் எவரோ வந்துள்ளார் என்று அறியலாமேயன்றி, வந்தவர் யாரென்று அறியவியலாது. புரோகல்சிற்றோனின் சற்று நுட்பமானது: பக்ரீரியாத் தொற்றில் மிக உயரும், வைரசுத் தொற்றிற் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கும். வைரசு புகுந்தால் உடற்கலங்கள் இன்ரபெரோனைச் சுரக்கும். அதனை 1957இல் கண்டறிந்ததும் இதே இலண்டனில், மில்ஹில் ஆய்வுகூடத்தில்தான்.

சரி, எந்த வைரசு? இங்கேதான் குருதி தடுமாறுகின்றது. கடும் கொவிட்டில் நிணநீர்க் கலங்கள் குறையும், பெரிற்றின் உயரும். கடும் இன்புளுவென்சாவிலும் அவ்வாறு நிகழ்வதுண்டு. பெயரறிய மூக்கினுட் பஞ்சுக்குச்சி விட்டே ஆகவேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நாங்கள் வினவினோம். 2020 ஆனியில் வெளியான பிரித்தானிய ஆய்வு முடிவின்படி, டெக்ஸாமெதசோன் எனும் மருந்து சுவாசக் கருவியில் இருந்த கொவிட் நோயாளரின் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. இன்புளுவென்சா நோயாளருக்கு அதே மருந்து தீங்காகலாம் என்ற அச்சம் மருத்துவரிடையே உண்டு. ஆகவே அதனை ஏற்றாது, பெயருக்காகக் காத்திருந்தார் வைத்தியர். அந்த ஐந்து மணித்தியாலங்களை நாங்கள் கழித்த விதத்தை எழுத மனம் ஒப்பவில்லை.

இவை யாவற்றையும் மகள் தமிழிற் சொல்ல வேண்டியிருந்தது. "அழற்சி" எனும் சொல் அவளுக்கு அகப்படவில்லை. எங்களுக்கும் அகப்படவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். ஈற்றில் அவள் சொன்னது இது:

"அம்மம்மா, உள்ளுக்கை சண்டை நடக்குது எண்டு உங்கட இரத்தம் சொல்லுதாம். ஆரோட எண்டு மூக்குத்தான் சொல்லுமாம்."

அம்மம்மா சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று.

மாலையில் முடிவு வந்தது: இன்புளுவென்சா ஏ. புரோகல்சிற்றோனினும் தாழ்ந்திருந்தமையால் முதலில் ஏற்றிய அன்ரிபயோட்டிக்கை நிறுத்தி, ஒசெல்ற்றாமிவிர் கொடுத்தனர். அன்று 84 ஆக இருந்த சீ.ஆர்.பி. நாளுக்கு நாள் இறங்கியது. பேர்த்தி வந்ததும் அம்மம்மா கட்டிலில் எழுந்திருந்து கேட்கும் முதற் கேள்வி, "இண்டைக்கு அது எவ்வளவாம்?" என்பதே. ஆறாம் நாள் விடை 19. அன்றே வீட்டுக்கு அழைத்து வந்தோம்.