எங்கள் முப்பதும் அவர்களின் ஏழரையும்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்த சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடப் பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். 2020 நவம்பரில், சேலையூரில் எங்கள் குடியிருப்பின் பெற்றோர் சிலர் சேர்ந்து திரட்டிய பணம் அது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வக்கீலுக்குக் குறிப்பு எழுதித் தந்ததும் நான்தான். ‘தகுதி’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதினேன்.

நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். எனக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது பி.சி. ஒதுக்கீட்டில், பொதுப் பட்டியலின் கட்-ஆஃப்பை நான் தொடவில்லை. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இங்கே கிளம்பிய போராட்டத்தின் விளைவாக அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவு வந்தது. அது வராமல் போயிருந்தால் என் படிப்பு இல்லை, வேலை இல்லை, சேலையூர் வீடும் இல்லை. தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் இந்த வரலாற்றை எத்தனையோ பேருக்கு விளக்கியவன் நான்.

என் மகள் படித்தது தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில். நீட்டுக்குக் கோச்சிங்கும் போனாள். அவளுடைய விண்ணப்பத்திலும் பி.சி. சான்றிதழை இணைத்தோம். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் எங்களுக்குரிய 30 உரிமை, அவர்களுடைய 7.5 அநியாயம் என்று அப்போது மனதார நம்பினேன். அந்த 7.5 சதவீதம் ஒவ்வொரு வகுப்புப் பிரிவுக்குள்ளும் பிரிகிறது. ஆக, என் மகளை முந்திவிடுவார்கள் என்று நான் பயந்ததே எங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துத்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள். நானும் அப்படிப் படித்தவன்தான்.

பணம் கொடுத்ததைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள் அரசுப் பள்ளியில் படித்து அந்த ஆண்டு நீட்டில் தேறியிருந்தாள். விண்ணப்பம் போட வேண்டிய நாட்களில் வந்து கேட்டாள்: “சார், அந்த ஏழரை சதவீதத்துல எனக்குக் கிடைக்குமா?”

“அது கோர்ட்டுல நிக்காதும்மா. அதை நம்பி வருஷத்தை வீணாக்காதே. வேற கோர்ஸ் பாரு” என்றேன்.

அவளுடைய மதிப்பெண்ணைக்கூட நான் கேட்கவில்லை. படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அவள் விண்ணப்பிக்கவே இல்லை. நவம்பர் 18 அன்று நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு அந்த ஒதுக்கீட்டு மாணவர்களைக் கொண்டுதான் தொடங்கியது. ஒவ்வொருவராக ஆணை வாங்கிக்கொண்டு வருவதை டி.வி.யில் பார்த்தேன். அப்போதும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. நான் ‘தகுதி’ என்று எழுதிய இடத்தில், சம வாய்ப்பே இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை நீதிபதிகள் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் மறுஆய்வு செய்யவும் சொன்னார்கள். அரசுப் பள்ளிகளின் தரம் உயரும்வரை இந்த ஒதுக்கீடு தொடர வேண்டும் என்றே இன்று நினைக்கிறேன். அந்த மறுஆய்வு நடக்கும்போது என் பெயரிலேயே அப்படி மனு கொடுப்பேன்.

அப்படிக் கொடுத்தாலும் அந்தப் பெண் இழந்த வாய்ப்பு திரும்பி வராது. வழக்குக்குப் பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்று அவளுக்கோ அவள் அம்மாவுக்கோ இன்றுவரை தெரியாது. இதை அச்சுக்கு அனுப்புமுன் இருவரிடமும் நேரில் சொல்லப் போகிறேன்.