அவளோட பெட்டியில இருந்த கடுதாசி

பரணை ஒழிச்சப்போ பழைய டிவிடி ஒண்ணு கையில சிக்குச்சு. 'எலிசபெத் 1'. 2005ல சேனல் 4ம் ஹெச்பிஓவும் சேர்ந்து எடுத்த ரெண்டு பாகத் தொடர். ராணியா ஹெலன் மிரன். அடுத்த வருஷமே 'தி குயின்' படத்துல ரெண்டாம் எலிசபெத்தா வந்து ஆஸ்கர் தட்டிட்டுப் போனாங்களே, அவங்களேதான்.

பிளேயர் ஓடுதான்னு பாக்கத்தான் போட்டேன். அத்தையும் வந்து உக்காந்துட்டாங்க. அத்தை ரிட்டையர்டு கணக்கு டீச்சர். கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது, ஆனா ஆளுக்கு ஒரு கதை வெச்சிருக்கோம். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு.

ஆரம்பமே அதிரடி. ராணியைப் படுக்க வெச்சு வைத்தியர் பரிசோதனை பண்றார். பிரான்ஸ் இளவரசன் ஆன்ஜூவைக் கட்டிக்கிட்டா குழந்தை பிறக்குமான்னு மந்திரிங்களுக்குத் தெரியணுமாம். 1579ல ராணிக்கு 46 வயசு, மாப்பிள்ளைக்கு 24. இது சினிமாக்காரங்க கற்பனைன்னு நினைக்காதீங்க. இன்னும் பெத்துக்க முடியும்னு மந்திரி பர்லி அப்போ காகிதத்துல எழுதியே வெச்சிருக்கார். (தொடர்ல பர்லியா வர்றது ஸ்டார் வார்ஸ் சக்கரவர்த்தி இயன் மெக்டையர்மிட். பாத்தாலே பயமா இருக்கு!)

"பொண்ணு பாக்க வர்றவங்களே தேவலாம்டி, நடந்து காட்டச் சொல்றதோட விட்டாங்க" அப்படின்னாங்க அத்தை. நான் திரும்பியே பாக்கல.

முதல் பாகம் முழுக்க லெஸ்டர் பிரபு, அதாவது ராபர்ட் டட்லி. ஜெரமி அயன்ஸ் பின்னி எடுத்திருக்கார். சின்ன வயசுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பழக்கம். ஆனா 1560ல டட்லியோட மனைவி ஏமி மாடிப்படிக்குக் கீழே கழுத்து முறிஞ்சு செத்துக் கிடந்தா. அதுக்கப்புறம் அவனைக் கட்டிக்கிட்டா, கொலைக்கு உடந்தைன்னு ஊரே பேசும். அவளும் கட்டிக்கல, விட்டும் கொடுக்கல. காத்திருந்து காத்திருந்து 1578ல அவன் லெட்டிஸ்னு ஒருத்தியை ரகசியமா கட்டிக்கிட்டான். விஷயம் தெரிஞ்சதும் ராணி ஆடுன ஆட்டம் இருக்கே!

"பாவம்ல அத்தை அவ" அப்படின்னேன்.

"என்ன பாவம்? அவனைக் கட்டியிருந்தா மறுநாளே நாடு அவனோடது. 44 வருஷம் ஆண்டிருக்கா. பாவமாம்."

சரி, ஆன்ஜூவையாவது கட்டிக்கலாமேன்னா, அதுக்கும் ஊர் விடல. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு புத்தகம் போட்ட ஸ்டப்ஸோட வலது கையை வெட்டிட்டாங்க. அப்புறம் கல்யாணமும் நடக்கல. கை போனதுதான் மிச்சம்.

ரெண்டாம் பாகம் எசெக்ஸ் பிரபு. அந்த லெட்டிஸோட மகனேதான்! ராணியை விட 32 வயசு சின்னவன். எனக்கு இந்தப் பாகம் கொஞ்சம் இழுவையாத் தெரிஞ்சுது. ஹியூ டான்சி அழகாத்தான் இருக்கார், ஆனா அந்தப் பையன் மேல எனக்குப் பரிதாபமே வரல. 1599ல அயர்லாந்துலேர்ந்து சொல்லாம கொள்ளாம ஓடி வந்து, சேத்துக் காலோட ராணியோட படுக்கையறைக்குள்ளேயே நுழைஞ்சுட்டான். 66 வயசு, விக் இல்ல, பவுடர் இல்ல, நரைச்ச தலையோட நிக்கிறா. அத்தை "சீ" அப்படின்னாங்க. ராணியைப் பாத்து இல்ல, அவனைப் பாத்து.

உண்மையில அவனைக் கவுத்தது காதல் இல்ல, காசு. இனிப்பு ஒயின் மேல வர்ற சுங்க வருமானத்தை ராணி அவனுக்குக் குத்தகையா விட்டிருந்தா. முன்னாடி லெஸ்டர்கிட்ட இருந்த அதே குத்தகை. 1600ல கெடு முடிஞ்சதும் புதுப்பிக்க மாட்டேன்னுட்டா. கடன்காரன் ஆனவன் அடுத்த பிப்ரவரியில கலகம் பண்ணான், அதே மாசம் 25ம் தேதி தலை போச்சு. (நடுவுல 1600 டிசம்பர் 31ம் தேதி இதே அம்மாதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தது. அது தனிக் கதை.)

தொடர்ல ஒரு பெரிய ரீல், எலிசபெத்தும் ஸ்காட்லாந்து மேரியும் நேர்ல சந்திக்கிற காட்சி. நிஜத்துல ரெண்டு பேரும் ஒருநாளும் பாத்துக்கிட்டதே இல்ல.

முடிஞ்சதும் அத்தைகிட்ட ஒரு விஷயம் சொன்னேன். லெஸ்டர் 1588 செப்டம்பர்ல செத்தார். அதுக்குச் சில நாள் முன்னாடி ராணிக்கு ஒரு கடுதாசி எழுதினார். அது மேல 'அவருடைய கடைசிக் கடிதம்'னு தன் கையால எழுதி, கட்டில் பக்கத்துல ஒரு பெட்டிக்குள்ள வெச்சிருந்தா. 1603ல அவ போன பிறகுதான் மத்தவங்க எடுத்தாங்க.

"என்ன எழுதியிருந்தான்?"

"காதல்லாம் இல்ல அத்தை. உங்க உடம்பு எப்படி இருக்கு, நீங்க கொடுத்த மருந்தைத்தான் சாப்பிடுறேன், மத்ததை விட அதுதான் நல்லா கேக்குதுன்னு."

அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

"இப்ப எங்க இருக்கு அது?"

"லண்டன்ல, கியூங்கற இடத்துல ஆவணக் காப்பகத்துல."

"அவ பூட்டி வெச்சிருந்ததை ஊரெல்லாம் எதுக்குடி படிக்குது?"

பல வருஷமா அத்தைகிட்ட கேக்கணும்னு வெச்சிருந்த ஒரு கேள்வி, அன்னிக்குக் கேட்டுடலாம்னுதான் இந்தக் கடுதாசிப் பேச்சையே எடுத்தேன். டிஸ்க்கை எடுத்து உறையில போட்டுட்டு, தோசைக்குச் சட்னி அரைக்கவான்னு கேட்டேன். "தேங்கா கொஞ்சமா போடு" அப்படின்னாங்க.