அரையாண்டு லீவும் வேடுபரியும்

லீவு விட்டதிலிருந்து "ராட்டினத்துக்குப் போலாம்பா" என்று பொண்ணு ஒரே நச்சரிப்பு. உறையூரில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வேடுபரிக்குக் கூட்டிப்போனேன்.

வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறப்போடு விழா முடிவதில்லை. அன்றுதான் இராப்பத்து ஆரம்பம். எட்டாம் நாள் வேடுபரி. மணல்வெளியில் தங்கக் குதிரையில் உற்சவர் நம்பெருமாள் முன்னும் பின்னும் பாய்கிறார். வழிமறித்துக் கொள்ளையடிக்க வருகிறார் திருமங்கையாழ்வார்.

தோளில் இருந்தவள் என் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "திருடன் வர்றான், சீக்கிரம் ஓட்டுங்க!" என்று கத்தினாள்.

"அவர் ஆழ்வார்டி கண்ணு" என்றார் பக்கத்துப் பாட்டி.

"அப்புறம் ஏன் திருடுறாரு?"

"அடியாருக்கெல்லாம் சோறு போட!"

சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஏகாதசி விடியற்காலை நெரிசலைவிட வேடுபரிதான் தோது. கொஞ்சம் முன்னாடியே போய் இடம் பிடிச்சிடுங்க. ராட்டினத்தை யாரும் கேட்கமாட்டாங்க!