காலடியில் 2,146 பெயர்கள்

ஸார்ப்ரூக்கனில் டிராம் ஏறினால் சற்று நேரத்தில் வேறு நாட்டில் இறங்கலாம். ஸார்பான் என்று அதற்குப் பெயர். ஜெர்மன் கடைவீதி நடுவே டிராமாக ஊர்ந்துவிட்டு, ஊரைத் தாண்டியதும் ரயில் தண்டவாளத்துக்கு மாறி, பிரான்சின் ஸார்கமீன் நிலையத்தில் போய் நிற்கிறது. 1997 முதல் இந்த ஏற்பாடு. பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. எதிர் இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்த மூதாட்டியிடம், “எல்லை எப்போதுங்க வரும்?” என்று கேட்டேன். “அது போய் ரொம்ப நேரமாச்சே” என்றார்.

இந்தக் கோட்டுக்காகச் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. நகரை ஒட்டிய ஸ்பிக்கரன் குன்றில் 1870 ஆகஸ்ட் 6 அன்று பிரஷ்யப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டன. அந்தக் குன்று இன்று பிரான்சில் இருக்கிறது. அதன் கீழே, ஜெர்மன் பக்கத்தில், இரு நாடுகளும் சேர்ந்து 1960-ல் அமைத்த ‘ஜெர்மன்-பிரெஞ்சுப் பூங்கா’ இருக்கிறது. அந்தப் போரில் மாண்ட இருதரப்பு வீரர்களின் கல்லறைகளும் அதற்குள்ளேயே உள்ளன. நான் போன அன்று அருகிலேயே பள்ளிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் நடந்த இழுபறிக்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருந்தது. ஸார் நதிப் பள்ளத்தாக்கு முழுவதும் நிலக்கரி. நிலக்கரி இருந்த இடத்தில் இரும்பாலைகள். முதல் உலகப் போர் முடிந்ததும் சுரங்கங்கள் பிரான்சுக்குப் போயின; நிர்வாகம் 15 ஆண்டுகளுக்குச் சர்வதேச சங்கத்தின் கைக்கு வந்தது. கெடு முடிந்தபோது, 1935 ஜனவரி 13 அன்று, மக்களிடமே கேட்டார்கள்: ஜெர்மனியா, பிரான்சா, இப்போது இருப்பது போலவே இருக்கலாமா? 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஜெர்மனி என்றார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு அதுவரை இந்த ஸார்தான் புகலிடம். அந்த வாக்கெடுப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஒரு ஊர் தன் கதவைத் தானே திறந்துவிட்டது.

இரண்டாம் போருக்குப் பிறகு ஸார் மறுபடியும் பிரான்சின் பிடிக்குள் வந்தது. தனி அரசாங்கம், தனித் தபால்தலை, பிரெஞ்சு பிராங்க் நாணயம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தனி அணியாகவே கலந்துகொண்டார்கள். 1954 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஸார் அணி மேற்கு ஜெர்மனியை எதிர்த்தே ஆடித் தோற்றது. அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஹெல்முட் ஷோன், 20 ஆண்டுகள் கழித்து மேற்கு ஜெர்மனிக்கே உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். 1955 அக்டோபர் 23 அன்று மறுபடி வாக்கெடுப்பு. ஐரோப்பியப் பொறுப்பில் தனிப் பிரதேசமாக நீடிக்கும் திட்டத்தை மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரிக்க, 1957 ஜனவரி 1 முதல் ஸார் ஜெர்மனியின் ஒரு மாநிலம். ஸார்ப்ரூக்கன் அதன் தலைநகரம். பிராங்க் போய் ஜெர்மன் மார்க் வர 1959 ஜூலை ஆகிவிட்டது. 1930-ல் இங்கே பிறந்த ஒருவர் வீட்டைவிட்டு நகராமலே பிராங்க், ரைஷ்மார்க், மீண்டும் பிராங்க், மார்க், யூரோ என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்திருப்பார்.

டிராமில் பார்த்த மூதாட்டிக்கும் அந்த வயதுதான் இருக்கும். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊரின் அழகைச் சொல்வதென்றால் கட்டடக் கலைஞர் ஃபிரீட்ரிக் யோவாகிம் ஷ்டெங்கெல் பெயரைச் சொல்லாமல் முடியாது. 18-ம் நூற்றாண்டில் அரண்மனையும் லூட்விக் தேவாலயமும் அவர் கட்டியவை. 1944 அக்டோபர் 5 இரவு பிரிட்டிஷ் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்து வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின. மீண்டும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று, கண் கூசும் வெளிச்சம்.

ஆனால் நான் இந்த ஊருக்குப் போனது அரண்மனைக்காகவும் அல்ல, தேவாலயத்துக்காகவும் அல்ல. அரண்மனைக்கு முன்னால் இருக்கும் தரைக்காக.

நாஜி காலத்தில் இந்த அரண்மனையில்தான் கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸ் இயங்கியது. பிடித்து வைக்கப்பட்டவர்கள் சுவரில் கீறிய எழுத்துகளோடு நிலவறைச் சிறை ஒன்று இன்றும் இருக்கிறது. பக்கத்து அருங்காட்சியகத்தின் வழியாகப் போய்ப் பார்க்கலாம். 1990-ல் யோகன் கெர்ட்ஸ் என்ற கலைஞரும் அவரிடம் படித்த கலைக்கல்லூரி மாணவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். அனுமதி எதுவும் இல்லை. இரவு நேரத்தில் அரண்மனை முற்றத்துக்கு வந்து, பாவியிருந்த கற்களில் சிலவற்றைப் பெயர்த்து எடுப்பார்கள். அந்த இடத்தில் வேறு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். ஜெர்மனி முழுவதும் உள்ள யூத சமூகங்களுக்குக் கடிதம் எழுதி, நாஜிகள் வருவதற்கு முன் இருந்த யூத இடுகாடுகளின் பெயர்களைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு கல்லுக்கு ஓர் இடுகாடு. பெயரைச் செதுக்கி, கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே பதித்தார்கள், எழுத்துள்ள முகம் மண்ணைப் பார்க்க. விஷயம் வெளியே வந்ததும் பெரிய வாக்குவாதம். கடைசியில் உள்ளூர் மன்றம் பின்தேதியிட்டு ஒப்புதல் தந்தது. 1993-ல் வேலை முடிந்தபோது எழுத்துள்ள கற்கள் 2,146. அரண்மனைச் சதுக்கத்தின் பெயரையே ‘கண்ணுக்குத் தெரியாத நினைவுச் சின்னத்தின் சதுக்கம்’ என்று மாற்றிவிட்டார்கள்.

அங்கே போய்ப் பார்த்தால் பார்க்க ஒன்றுமே இல்லை. பெயர்ப்பலகையை விட்டால், மழையில் நனைந்து மினுங்கும் சாம்பல் நிறக் கற்கள்தான். எதில் எழுத்து இருக்கிறது, எதில் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஓரமாகவே நடந்தேன். மிதிக்கக் கூடாது என்று பட்டது. கோப்புகளை அணைத்தபடி அலுவலகத்துக்கு விரைந்தவர்கள் நேராக மிதித்துக்கொண்டுதான் போனார்கள். ஒரு சிறுவன் சைக்கிளில் தடதடவென்று கடந்தான். குனிந்து ஒரு கல்லின் மேல் கை வைத்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓரம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அதன் அடியில் ஏதாவது ஒரு சிற்றூரின் பெயர் இருக்கலாம். அந்த ஊரில் தன் தாத்தாவின் கல்லறையைத் தேடி வர இன்று ஒருவரும் மிச்சம் இல்லாமலும் இருக்கலாம்.

எத்தனையோ நினைவுச் சின்னங்களைப் பார்த்திருக்கிறேன். மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு, திரும்பி வந்துவிடுகிறோம். இங்கே அது நடக்காது. வெளியே ஒன்றும் இல்லாததால் நினைவை நாமே சுமக்க வேண்டியிருக்கிறது. ஊரின் தெற்குக் கோடியில், எல்லை அருகே, ‘நோயே பிரெம்’ என்ற கெஸ்டபோ முகாம் இருந்த இடத்துக்கும் அடுத்துப் போனேன். கைதிகளைக் குந்திய நிலையிலேயே தவளைபோல் தாவித் தாவிச் சுற்றிவரச் செய்து வதைத்த தண்ணீர்த் தொட்டி அப்படியே இருக்கிறது. அந்தச் சதுக்கத்தில் நின்றுவிட்டு வந்தவருக்குத்தான் இந்தத் தொட்டியின் கனம் முழுதாகப் புரியும்.

பாரிஸுக்கும் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் இடையே ஓடும் அதிவேக ரயில்கள் ஸார்ப்ரூக்கனில் நிற்கின்றன. பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஐரோப்பா போகும் நம்மவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகும் ஊர் இது. அடுத்த முறை அந்த வழியாகப் போனால் ஒரு நாள் இறங்குங்கள். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஸார் ஆற்றின் பழைய பாலத்தைத் தாண்டினால் அரண்மனை.