“இது பின்பாரம், மாப்ளே!” - அடிலெய்டு கேரவனும் கோவில்பட்டி மாமனாரும்

கோவில்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று மாத விசாவில் மகள் வீட்டுக்கு அடிலெய்டு வந்தவர், முதல் வாரமே கேட்ட கேள்வி இதுதான். “வாசல்ல ஒரு வீடு நிக்குதே, அது ஏன் பூட்டியே கிடக்கு?”

மகள் பதில் சொல்லவில்லை. மருமகன்தான் சொன்னார். “கேரவன் மாமா. காருக்குப் பின்னாடி மாட்டிட்டுப் போறது. ஒரு தடவை போனோம். அதுக்கப்புறம் உங்க பொண்ணு ஏறமாட்டேங்குறா.”

அந்த ஒரு தடவை நடந்தது இது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆஃப்ரோடு கேரவன். பள்ளிக்கூட லீவில் இரண்டு பிள்ளைகளோடு வடக்கே ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரைப் பார்க்கக் கிளம்பினார்கள். போர்ட் வேக்ஃபீல்டைத் தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு பெரிய லாரி முந்திச் சென்றது. அதன் காற்று தள்ளியதில் கேரவன் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. பாம்பு வால் மாதிரி. மருமகன் பதறிப்போய் பிரேக்கை மிதிக்க, ஆட்டம் இன்னும் கூடியது. “வீடு ஏன்ப்பா ஆடுது?” என்று சின்னவள் கேட்டது மட்டும்தான் மகளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. எப்படியோ ரோட்டோரம் நின்றார்கள். ஊர்ந்து ஊர்ந்து வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு கேரவன் வாசலிலேயே நிற்கிறது.

“வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்னு ஒண்ணு இருக்கு மாமா. அதை மாட்டினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க” என்றார் மருமகன்.

மாமனார் கேரவனை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் பம்பரில் இரண்டு ஸ்பேர் வீல், இரண்டு சைக்கிள், இரும்பு டூல் பாக்ஸ். கீழே இரண்டு தண்ணீர் டேங்க். அச்சுக்கு முன்னால் இருப்பது காலி, பின்னால் இருப்பதில் 90 லிட்டர்.

“மாப்ளே, இது பின்பாரம்லா!”

இருபது வருடம் மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றியவர். வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் மாடு கழுத்தொடிந்து நிற்கும். “மாட்டுக் கழுத்துல கொஞ்சம் பாரம் உக்காரணும். அப்பதான் வண்டி நேரா வரும்.”

மருமகன் என்ஜினீயர். மாட்டு வண்டிக் கணக்கைக் கேட்டு லேசாகச் சிரித்தார். ஆனாலும் சனிக்கிழமை எடை மேடைக்குப் போனார். கேரவனின் மொத்த எடை 2,400 கிலோ. கார் கொக்கியின் மேல் அது இறக்கிய பாரம் வெறும் 140 கிலோ, அதாவது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் கணக்கோ சுமார் பத்து சதவீதம். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

டூல் பாக்ஸ் முன்பக்கப் பெட்டிக்கு வந்தது. சைக்கிள்கள் கார் கூரைக்கு ஏறின. பின் டேங்கைக் காலி செய்து முன் டேங்கை நிரப்பினார்கள். இப்போது கொக்கியில் 235 கிலோ. ஆனால், புதிதாக ஒரு பிரச்னை. காரின் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு 24 மில்லிமீட்டர் மேலே தூக்கியது. கொக்கி, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2.8 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் சக்கரங்களிலிருந்து சுமார் 100 கிலோ குறைந்துவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்புவதும், பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் அந்த முன் சக்கரங்கள்தான்.

இந்த ஹிட்ச் உதவுவது இந்த இடத்தில்தான். கார் கொக்கியிலிருந்து கேரவனின் முன்சட்டத்துக்கு இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் போகும். சங்கிலியை இழுத்து மாட்டினால் கம்பிகள் வளைந்து, பாரத்தில் ஒரு பகுதியைக் காரின் முன் சக்கரங்களுக்கும் கேரவன் சக்கரங்களுக்கும் தள்ளும். காரின் இழுவைத் திறனை இது ஒரு கிலோகூடக் கூட்டாது. கடையில் இருந்த மெக்கானிக் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “சாமான் தப்பா ஏத்தின வண்டியை இது சரி பண்ணாது.” மாமனார் சொன்னதேதான், என்ன, ஆங்கிலத்தில் சொன்னார்.

மாட்டுவதிலும் சிக்கல் இருந்தது. ஆஃப்ரோடு கேரவனில் வழக்கமான 50 மில்லிமீட்டர் உருண்டை கிடையாது. கரடுமுரடான பாதையில் எல்லாப் பக்கமும் திரும்பிச் சுழல்வதற்காக, செங்குத்தான பின்னோடு கூடிய கப்ளிங் இருக்கும். எல்லா ஹிட்ச்சும் அதற்குப் பொருந்தாது. கப்ளிங் தயாரிப்பாளர் அனுமதிக்க வேண்டும், கார் கம்பெனியின் கையேடும் அனுமதிக்க வேண்டும். சில கார்களுக்கு இது கூடவே கூடாது. இரண்டு கையேடுகளையும் மகள்தான் உட்கார்ந்து படித்தார். கணவர் படித்ததாகச் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான்!

கம்பிகளை மாட்டியதும் தூக்கியிருந்த மூக்கு 12 மில்லிமீட்டர் இறங்கியது. அந்த ஹிட்ச்சின் கையேடு கேட்ட அளவும் அதுதான்.

விசா முடிய மூன்று வாரம் இருக்கும்போது கிளம்பினார்கள். போர்ட் அகஸ்டா, குவார்ன், ஹாக்கர், பிறகு அட்னியமதன்ஹா பழங்குடி மக்கள் இகாரா என்று அழைக்கும் வில்பீனா பவுண்ட். லாரிகள் முந்திப் போயின. கேரவன் லேசாக அசைந்து உடனே நேரானது. மகள் மட்டும் வழி முழுக்கக் கதவுப் பிடியை விடவில்லை.

பிளின்மன் வரைக்கும் தார் ரோடு. அங்கிருந்து பராச்சில்னா பள்ளத்தாக்கு வழியாக முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மண் பாதை. ஓடைப் படுகைக்குள் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போகும்.

“என்னங்க, கம்பியைக் கழட்டுங்க.”

“அரைமணி நேரப் பாதைதானேம்மா...”

“கையேட்டுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். கழட்டுங்க.”

ஓடைக்குள் கார் மூக்கைக் கவிழ்க்கும்போது கேரவன் இன்னும் மேட்டில் நிற்கும். அந்தக் கோணத்தில் கம்பிகள் அளவுக்கு மீறி முறுக்கேறி, சங்கிலி மாட்டும் பிராக்கெட்டோ கேரவன் சட்டமோ வளையலாம். சுழலும் கப்ளிங்கை வாங்கிவிட்டு, அதன் இரண்டு கையையும் கட்டிப்போடுவது மாதிரி. கழற்றுவதற்கும் முறை இருக்கிறது. ஜாக்கி வீலால் கப்ளிங்கைத் தூக்கி, இழுவிசை இறங்கிய பிறகே சங்கிலியைத் தொட வேண்டும். இல்லையென்றால் நெம்புகோல் திரும்பி அடித்துவிடும். பத்து நிமிட வேலை. மருமகன் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

முதல் ஓடையில் மாமனார் இறங்கிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டி கடப்பதை எதிரே நின்று பார்த்தார். கார் இடப்பக்கம் சாய, கேரவன் வலப்பக்கம் சாய, நடுவே கப்ளிங் மட்டும் சத்தமில்லாமல் திரும்பிக்கொடுத்தது. “கம்பி இருந்திருந்தா இந்நேரம் என்னமாச்சும் ஒண்ணு முறிஞ்சிருக்கும் மாப்ளே” என்றார். மருமகன் தலையாட்டினார்.

பராச்சில்னாவில் மறுபடி தார் ரோடு. கம்பிகளைத் திரும்ப மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு மருமகன் வந்தபோது டிரைவர் சீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தார்.

“ஆடினா என்ன செய்யணும்?” என்று கேட்டார் கணவர்.

“ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கணும். ஸ்டீயரிங்கை நேரா பிடிக்கணும். கார் பிரேக்கைத் தொடக் கூடாது. இதை மட்டும் மெதுவா அழுத்தணும்.” கேரவன் பிரேக்கைத் தனியாக இயக்கும் சிறிய கன்ட்ரோலரின் மேல் அவர் விரல் இருந்தது.

மாமனார் பின் சீட்டில் பேத்திகளுக்கு நடுவே உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார். “அம்மாடி, அவசரப்படாம ஓட்டு” என்றார்.

தெற்கே ஹாக்கரை நோக்கித் திரும்பினார்கள். எதிரே தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. அவர் 90-லேயே போய்க்கொண்டிருந்தார்.