யாருடைய குரல்?

பாட்டுக்குப் பரிசு கொடுக்கும் விழாவை டெலிவிஷனில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 'மில்லி வனில்லி' நினைவு வந்துவிடுகிறது. ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன் என்று இரண்டு வாலிபர்கள். நீண்ட சடை, கட்டான தேகம், துள்ளல் ஆட்டம். 1990 பிப்ரவரியில் அமெரிக்காவில் கிராமி விழாவிலே, சிறந்த புதுக் கலைஞர்கள் என்று அவர்களுக்குப் பரிசு. அன்று மேடையிலும் வாயைத்தான் அசைத்தார்கள், சபை கைதட்டியது.

நவம்பரில் குட்டு உடைந்தது. இசைத்தட்டில் பாடியவர்கள் ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் முதலிய வேறு ஆட்கள். பரிசைப் பறித்துக்கொண்டார்கள். ஊர் சிரித்தது. பிலாட்டஸ் 1998-ல் இறந்தே போனார். இத்தனைக்கும் சூத்திரதாரியான ஃபிராங்க் ஃபாரியானோ அப்புறமும் இசைத்தட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நம் சினிமாவிலும் வாயசைப்புத்தானே என்பீர்கள். வாஸ்தவம், ஆனால் பாடியவர் பெயரைப் போட்டுவிடுகிறோமே!

அந்தப் பையன்களை ஏச எனக்கு யோக்கியதை உண்டா? என் நாவல் ஒன்றுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "அந்தக் கிழவியின் பேச்சை எப்படி ஐயா எழுதினீர்கள்?" என்று மெச்சினார் ஒருவர். "எல்லாம் அனுபவம்" என்றேன், கூசாமல். முக்கால்வாசியும் என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து பேசியது. அவள் அன்று சபையில்தான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை அவளிடம் நீட்டினேன். விரித்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஜரிகை நிஜந்தானாடா?" என்றாள்.