பிரிண்ட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்

ஒரே ஒரு பட்டனைத் தப்பாக அழுத்தி, ஒரு லோடு ஜவ்வரிசி ஆர்டரைக் காலி செய்திருக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன்.

2006. பி.காம். முடித்த கையோடு வாழப்பாடி பக்கம் ஒரு சேகோ ஆலை ஆபீஸில் வேலை. நம்ம ஊர் மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசியாகி மகாராஷ்டிரா வரைக்கும் போகும். விரத நாளில் அங்கே ஜவ்வரிசி கிச்சடிதான் சாப்பாடு. அதனால் நவராத்திரி நெருங்கினால் ஆர்டர் மெயில்கள் குவியும். மெயிலைத் திறக்கணும், பிரிண்ட் எடுத்துக் குடோனுக்கு அனுப்பணும், பார்ட்டி பெயரில் இருக்கிற ஃபோல்டருக்கு நகர்த்தணும். இவ்வளவுதான் என் வேலை.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஞாபகம் இருக்கா? மேலே வரிசையாகப் பட்டன்கள். அதில் பிரிண்ட்டும் டெலிட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு சாயங்காலம், பேளூர் டவுன் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், புனே பார்ட்டி மெயிலுக்குப் பிரிண்ட் என்று நினைத்து டெலிட்டைத் தட்டிவிட்டேன். கவனிக்கவே இல்லை. (பிரிண்டர் அப்போது முந்தின மெயிலை அச்சடித்துக்கொண்டிருந்தது. சத்தம் வந்ததே, போதாதா!) புரோகிராமை மூடும்போதே அழித்த மெயில்கள் அடியோடு போகட்டும் என்று 'டிக்' போட்டு வைத்திருந்ததும் சாட்சாத் நானேதான்.

ஐந்தாம் நாள் போன். "லோடு எங்கே?" நவராத்திரிக்கு இரண்டே நாள். சரக்கை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, மெயிலே வரலைன்னு சொல்லிரலாமான்னு யோசிக்கறியா?"

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "இல்லீங்க... நான்தான் அழிச்சுட்டனுங்க" என்று வாயில் எப்படி வந்ததோ! அவர் திட்டவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

அன்று ராத்திரி பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் வழி சொன்னார். "டூல்பார் மேல ரைட் கிளிக் பண்ணி கஸ்டமைஸ் போடு. பட்டனையெல்லாம் உன் இஷ்டத்துக்கு அடுக்கிக்கலாம்டா." அடடா, இத்தனை நாள் தெரியாமல் போச்சே! டெலிட்டைக் கடைசி மூலைக்குத் தள்ளினேன். நடுவில் ஒரு தடுப்புக் கோடு. பிரிண்ட்டை ஒட்டி, மெயிலை ஃபோல்டருக்கு நகர்த்தும் பட்டன். நான் தொடவே தொடாத நாலைந்தைத் தூக்கியே விட்டேன்.

ஒரு மெயிலுக்குப் பத்து செகண்ட் மிச்சம் என்று வையுங்கள். அறுபது மெயிலுக்குப் பத்து நிமிஷம். பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை!

அந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எக்ஸ்.பி.யோடு போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் தண்டர்பேர்டில் அதே ரைட் கிளிக், அதே கஸ்டமைஸ். கிளாசிக் அவுட்லுக்கில் தேவையான பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து குவிக் அக்சஸ் டூல்பாரில் சேர்த்துவிட்டால், முதல் பட்டனுக்கு ஆல்ட்+1, அடுத்ததுக்கு ஆல்ட்+2... மவுஸே வேண்டாம். ஜிமெயிலில் செட்டிங்ஸில் கீபோர்டு ஷார்ட்கட்டை ஆன் செய்தால், 'ஆர்' தட்டினால் பதில். ஆசைப்பட்டு இருபது பட்டனை மட்டும் அடுக்காதீர்கள். தேடவே நேரம் போய்விடும். எனக்கு ஐந்துதான்.

அடுத்த நவராத்திரிக்குப் புனே பார்ட்டி மறுபடி ஆர்டர் அனுப்பினார். அந்த மெயிலை மட்டும் இரண்டு பிரிண்ட் எடுத்தேன்.